ஓட்டை போட்டு அனுப்பச் சொன்ன கம்ப்யூட்டர்

பாய்,

நேற்றுக் காலை கூரியர்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டியைக் கொடுக்காமல் ஒரு சீட்டை நீட்டினார். என் மருமகனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நாம் எண்பதுகளில் வாய் பிளந்து பார்த்த கம்ப்யூட்டர்களை இப்போது வெளிநாட்டிலிருந்து பழைய சாமான் விலைக்கு வாங்கி, துடைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார். சீட்டில் ஒரு சுங்க வரி, அந்த வரியின் மேல் இன்னொரு வரி, கடைசியில் கையாளும் கட்டணம் என்று ஒன்று. மொத்தம் சேர்த்தால் உள்ளே இருக்கும் சாமானின் விலையைத் தாண்டிவிட்டது. மருமகன் வாசலில் நின்று நியாயம் பேசினார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, மகள் ஓடி வந்து தலையில் தட்டினாள். இதே நியாயத்தை நீங்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் பேசித் தோற்றவர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நல்லூரில் அப்போது நம் பனியன் கம்பெனியில் எட்டு தையல் மெஷின். மெஷினும் முதலும் உங்களுடையவை. என் பங்கு என்று நான் கொண்டுவந்தது இங்கிலீஷும் டைப்ரைட்டரும்தான். எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் என்ன கலர், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்று ஆறு பிரதி கார்பன் வைத்து பேக்கிங் லிஸ்ட் அடிப்பேன். ஒரு எழுத்து தப்பினால் ஆறு தாளிலும் அழிக்க வேண்டும். அழித்தது தெரிந்தால் பேங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தப்பில்லாமல் அடிப்பவன் என்று ஊருக்குள் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது.

அந்தப் பேருக்கு ஆபத்து வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். காலையில் எல்லோருக்கும் முன்பாக வந்து, மூன்று முறை அடித்து, கெட்டுப்போன தாள்களைச் சாப்பாட்டுத் தூக்கோடு பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். என் மனைவிக்குக்கூட விறகு மிச்சம் என்றுதான் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் நம்மிடம் பனியன் வாங்கும் ஜெர்மனி பையர், தன் ஆபீஸில் புது கம்ப்யூட்டர் வாங்கியதாகவும், பழையதை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். நீங்கள் விடவில்லை. அவர் காரில் ஏறுவதற்குள் கேட்டு வாங்கிவிட்டீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வந்தால் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வரும் யாராவது ஒரு பெண் அதன் முன்னால் உட்காருவாள். நான் சோமனூருக்குத் திரும்பிப் போய், அண்ணனின் தறிக்கூடத்தில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணனின் பேச்சை நீங்கள் கேட்டதில்லை. தறிச் சத்தமே தேவலை.

வரியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து, நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். நம் ஊரில் சாம்பிள் பனியன் அனுப்பும்போது விலாப்பக்கம் கத்திரியால் ஒரு வெட்டு வெட்டி, 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தி அனுப்புவோம். விற்க முடியாத துணிக்கு வாங்குபவர்கள் ஊரில் வரி கிடையாது. கம்ப்யூட்டருக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்டீர்கள்.

"ஒரே ஒரு ஓட்டை போட்டு அனுப்பச் சொல்லி அடிங்க மாப்ளே. சாம்பிள்னு வந்துருமுங்க."

துணிக்கு உள்ள சட்டம் இரும்புக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டை விழுந்து செத்து வரட்டும் என்று நினைத்துக்கொண்டு, தபாலாபீஸில் உட்கார்ந்து டெலெக்ஸ் வாசகத்தை அழகான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

ஜெர்மனிக்காரர்கள் சொன்னதைச் செய்பவர்கள். துறைமுகக் கிடங்கில் பெட்டியைப் பிரித்தபோது, கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் காம்பஸ் வைத்து அளந்தது போல ஒரு வட்ட ஓட்டை. ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்கி, கீழே சிவப்புப் பெயின்டில் 'சாம்பிள்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே எந்தப் பாகத்திலும் படாத இடமாகப் பார்த்து மெக்கானிக் துளைத்திருப்பதாக ஒரு கடிதமும் கூடவே இருந்தது. நீங்கள் பெருமையாக என்னைப் பார்த்தீர்கள். கம்ப்யூட்டர் உயிரோடு வந்துவிட்டதே என்று நான் கடிதத்தைப் பார்த்தேன்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். சாம்பிள் சலுகை துணிக்குத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். வரி உண்டு, கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும், இறக்கி வைத்ததற்கும் தூக்கி வைத்ததற்கும் கூலி தனி என்றார். அதை நாமே தூக்கி வைத்திருப்போமே என்று நீங்கள் கேட்டதற்கு அவர் அடுத்த தாளைப் புரட்டினார். இவ்வளவும் போக, பழைய மெஷின் உள்ளே வர வேண்டுமானால் இன்னும் சில வருடம் உழைக்கும் என்று ஒரு இன்ஜினியர் சான்று தர வேண்டுமாம்.

மண்ணடி லாட்ஜில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் இன்ஜினியரைப் பிடித்து, இது நன்றாக உழைக்கக்கூடிய மெஷின் என்று சான்று வாங்க வேண்டியது. நீங்கள் மனு எழுதுபவரைப் பிடித்து, இது ஓட்டை விழுந்த காயலான் கடைச் சாமான், காலணாவுக்குப் பெறாது, அதனால் வரியைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டியது. இரண்டு காகிதமும் ஒரே ஃபைலுக்குள்தான் போகும் என்பது எனக்கு முதல் நாளே உறைத்துவிட்டது. தெரிந்தேதான் இன்ஜினியரைத் தேடிப் போனேன்.

மறுநாள் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். இது செத்துப்போனதா, உயிரோடு இருப்பதா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் பரிதாபப்பட்டு ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். சரக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வரியும் இல்லை, வாடகையும் இல்லை, நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

நான் காத்திருந்த காகிதம் அதுதான். பேனாவைத் திறந்துவிட்டேன். நீங்கள் உங்கள் கையை என் கைமேல் வைத்தீர்கள். உங்கள் கைக்கு அடியிலும் என் கை ஆடிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க இந்த ஓட்டைப் பெட்டி உங்களுக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"நம்ம மாப்ளைக்குக் கை நடுங்குதுங்க சார். ஆறு மாசமா பாதி டம்ளர் டீதானுங்க வாங்கிக் குடிக்கறாரு, சிந்திருமுன்னு. டைப் அடிக்கறது அவுருக்குச் செரமமுங்க, ஆனா வெளிய சொல்ல மாட்டாருங்க. இதுல தப்பு வந்தா ஒரே எடத்துல அழிச்சுக்கலாமுன்னு ஜெர்மனிக்காரரு சொன்னாருங்க."

பாய், அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அதிகாரி உங்கள் மனுவை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்ஜினியர் சான்றை மட்டும் ஃபைலில் வைத்தார். பழைய மெஷின் என்று விலை போட்டு, வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டைக்கு மட்டும் வரி போடவில்லை என்று அவர் சொன்னபோது, நீங்கள் அதற்கும் நன்றி சொன்னீர்கள்.

அந்த வரியைக் கட்ட உங்கள் ஸ்கூட்டரை விற்றீர்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தீர்கள். கம்ப்யூட்டரின் ஓட்டையில் பல்லி நுழையாமல் பனியன் வேஸ்ட் துணியை அடைத்தோம். முதல் நாள் நான் உட்கார்ந்து ஒரு எழுத்தைத் தொட்டேன். கை எழ மறுத்ததில் அதே எழுத்து திரை முழுக்க ஓடியது. நீங்கள் என்னை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"நீங்க சொல்லுங்க மாப்ளே, நான் தட்டறேன்."

உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகள் பனியன் லேபிளில் இருக்கும் எஸ், எம், எல், எக்ஸ் மட்டும்தான். மற்றவற்றை ஒற்றை விரலால் தேடிக் கண்டுபிடிப்பீர்கள். டபிள்யூவை எம் தலைகீழாக இருக்கிறது என்று திட்டுவீர்கள். கோயம்புத்தூரிலிருந்து எந்தப் பெண்ணும் வரவில்லை. வருடக்கணக்கில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் தட்டினீர்கள். வெளியே வந்து, நம்ம மாப்ளை கம்ப்யூட்டரில் அடித்தால் ஒரு தப்பு இருக்காது என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்.

கம்ப்யூட்டர் வராமல் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை உங்கள் கடைசி நாள் வரை உங்களிடம் சொல்லவில்லை. பாதி டம்ளர் டீயைக் கவனித்தவருக்கு அதுவும் தெரிந்திருக்கலாம். ஆனாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். "நான் வேகமா எழுதிருவேனுங்கப்பா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏனுங்க நிறுத்தறீங்க?" என்று இதோடு நான்கு முறை கேட்டுவிட்டாள். நிறுத்தாமல் சொல்ல எனக்கு வரவில்லை பாய். இன்றைக்கும் ஒன்றைச் சொன்னால் உங்கள் விரல் அதைத் தேடிப் பிடிக்கும் வரை அடுத்ததைச் சொல்வதில்லை.