பதினோராம் பக்கத்தை நான் படிக்கவில்லை

முடிச்சூர்
ஏப்ரல் 24

அன்புள்ள தாரணிக்கு,

இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மார்க்கை அப்புறம் எழுதினால் போதும். பருப்புப் பொடி பார்சலில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன், போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், நானும் கடுப்பாகி வைத்துவிடுவேன். அசாமில், உன் சில்சாரில் மழை தொடங்கியிருக்கும், துணியை ஈரத்தோடு மடித்து வைக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் காலேஜ் அட்மிஷனுக்கு ஃபார்ம் போட்டுத் தரும் நாவலூர் கன்சல்டன்ட் ஆபீசுக்கு அம்மா என்னை இழுத்துப் போனது உனக்குத் தெரியும். பரீட்சை என் மகள் எழுதப் போகிறாள், ஃபார்ம் நான் நிரப்பப் போகிறேன், நடுவில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். லிஃப்ட் வேலைக்காக மேனுவல் நானூறு பக்கம் படிக்கிறவனுக்கு ஒரு அட்மிஷன் பி.டி.எஃப். பெரிசா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். நீயும் அதை நம்பி, எங்க அப்பாவே எல்லாம் முடிச்சிட்டார் அங்கிள், கன்சல்டன்ட்லாம் வேஸ்ட் என்று பக்கத்து வீட்டு பிரிட்டோவிடம் போனில் சொல்லியிருக்கிறாய். அது பொய் தாரணி. உன்னுடைய பொய் இல்லை, என்னுடையது.

நடந்தது இதுதான். உன் சாதிச் சான்றிதழை லேமினேட் போட்டு வைத்திருந்தோமா, போனில் படம் எடுத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது, ஸ்கேன் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கனகவல்லி என்கிற அக்கா அதைப் பார்த்துவிட்டு, இன்னாத்துக்கு சார் இது, தங்கச்சிக்கா என்றார். மகளுக்கு, நீங்க ஸ்கேன் மட்டும் பண்ணுங்க என்றேன். கோவிச்சுக்காதீங்க சார், இது நம்ம ஸ்டேட்டுக்குத்தான் செல்லும், சென்ட்ரல் காலேஜுன்னா ஓ.பி.சி. சான்றிதழ் தனியா வாங்கணும், அதுவும் இந்த வருஷம் ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடி பி.டி.எஃப்.-ஐத் திறந்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கங்கள் எல்லாம் மாதிரிப் படிவம்தானே என்று நான் தள்ளிவிட்ட பக்கம். எனக்குக் கீழே வேலை செய்கிறவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. திரும்ப உள்ளே போனேன். அந்த அக்கா ஒன்றும் குத்திக்காட்டவில்லை, உட்காருங்க சார் என்று சொல்லி அப்பவே விண்ணப்பம் போட்டார். ஐந்தாம் நாள் தாலுகா ஆபீசில் சம்பளச் சான்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனகவல்லி அக்காவே அதைப் பார்த்து எனக்கு ஆறு முறை போன் செய்திருக்கிறார், நான் நாவலூரில் லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். உடனே அம்மாவைப் போனில் பிடித்தார், அம்மா ஆட்டோவில் பேப்பரோடு ஓடினாள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் சான்றிதழ் வந்தது. அது இல்லாவிட்டால் உன்னைப் பொதுப் பட்டியலில் போட்டிருப்பார்கள், அந்த ரேங்குக்கு நீ இப்போது படிக்கிற சீட் கிடைத்திருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம், அம்மாவையும் சொல்லவிடவில்லை.

போன ஞாயிறு பிரிட்டோ, மகள் ஷீலாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தான். மேலேயே அதே மாதிரி லேமினேட் போட்ட சான்றிதழ். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளையின் சீட் போய்விடும். எல்லாவற்றையும் சொன்னேன். கூட வந்த அவன் மனைவி ரோஸி, ஒரு வருஷமா இன்னா பேச்சு பேசினே வினோத்து என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் காபியே குடித்தாள். வாங்கிக்கொண்டேன். அப்போ கன்சல்டன்ட் வேணுமா வேணாமா, ஒண்ணு சொல்லு மச்சான் என்றான் பிரிட்டோ. ஏ.சி. ரூம் ஆள் வேண்டாம் என்றுதான் இப்பவும் சொல்வேன், ஆனால் நீ ஒருத்தனே படித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதே, விவரம் தெரிந்தவர் ஒருத்தர் கண்ணில் பட்டே ஆகணும் என்றேன்.

மறுநாள் காலை பிரிட்டோவையும் ரோஸியையும் கனகவல்லி அக்காவிடம் கூட்டிப் போனேன். ஒரு வருஷம் தாமதமாக நன்றியும் சொன்னேன். பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும் அக்கா என்று கேட்டேன். எம் பொண்ணும் இந்த வருஷம் பிளஸ் டூ சார், ஃபார்ம்லாம் நானே போட்டுருவேன், ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் போடுறேன், ஆனா அவ்ளோ தூரம் ஒரு பொண்ண அனுப்பலாமான்னு யாருகிட்ட கேக்குறது, உங்க பொண்ணு ரெண்டு வார்த்தை பேசுமா என்றார்.

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஞாயிறு மத்தியானம் மையம் மூடியிருக்கும், அப்போது கூப்பிடு. ஆன்ட்டி என்று மரியாதையாகப் பேசு. எல்லாம் சூப்பர் என்று அளக்காதே, முதல் மாசம் தினமும் அழுததையும் சொல், ஏன் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்.

நீ நினைத்தபடியே படித்து, நல்ல மனுஷர்கள் நடுவில் நன்றாக இரு. அம்மாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அப்பா,
வினோத்குமார்