சவூதியிலிருந்து அடிக்கும் ஹாரன்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. கூட்டித் தள்ளிய குப்பையெல்லாம் திரும்ப வாசலுக்கே. கார் மேல் மண். துடைத்து முடிப்பதற்குள் மறுபடி மண்.

இன்று பிசியோதெரபிக்கு மூன்று வீடு. மண்டபத்தில் பக்கவாதம் ஒன்று, தோள்பட்டை ஒன்று. பாம்பனில் மரியதங்கம் அக்கா, இடுப்பு எலும்பு, ஆறாவது வாரம். பஸ்ஸில் போன காலத்தில் இரண்டு வீடு முடிப்பதற்குள் நாள் போய்விடும். அதனால்தான் கார் கேட்டேன். பழையதாக, சின்னதாக ஒன்று போதும் என்றேன். செந்தில் கேட்டால்தானே. சவூதியில் ட்ரெய்லர் ஓட்டுகிற மனுஷன், பெண்டாட்டிக்குப் பாதுகாப்பான வண்டிதான் வேண்டுமென்று தேடித் தேடி இதை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாகக் காதுக்குள் பீப்.

இதுவரை கண்டுபிடித்த சத்தங்கள்:

பெல்ட் போடாவிட்டால். சரி, நியாயம்.

பக்கத்து சீட்டில் பையை வைத்தால். பைக்கும் பெல்ட் போட வேண்டுமாம்.

எண்பதைத் தாண்டினால்.

கோட்டைத் தாண்டினால். இதற்குச் சத்தம் மட்டும் இல்லை, ஸ்டீயரிங்கையே பிடித்து இழுக்கிறது. உச்சிப்புளி தாண்டினால் ரோட்டில் ஆடு படுத்திருக்கும். கோட்டைத் தாண்டாமல் ஆட்டின் மேலா ஏற்றுவது?

ஏனென்றே தெரியாத ஒன்று. நேற்றும் அடித்தது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் காருக்கு ஒரு ஆப் இருக்கிறது. அது என் போனில் இல்லை, செந்தில் போனில். நான் எங்கே போகிறேன், எத்தனையில் போகிறேன், எப்போது அழுத்திப் பிரேக் போட்டேன், எல்லாம் சவூதியில், தமாமில் இருக்கிற அவருக்குத் தெரியும். இன்று மண்டபம் முகாமைத் தாண்டும்போது கார் முழுக்க அவர் குரல்.

“என்ன புள்ள, எம்பத்திரெண்டுல போற?”

“நீங்க போன் போடுறதுக்கு முந்தி எழுவதுலதாங்க போனேன்.”

“பொய் சொல்லாத. இங்கன காட்டுது.”

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மறந்துவிட்டேன்.


ஜூன் 10, செவ்வாய்

மானம் போனது.

மரியதங்கம் அக்கா வீடு. அக்கா சுவரைப் பிடித்து நிற்கப் பழகுகிறார். நான் பின்னால் கை கொடுத்து நிற்கிறேன். போன் பைக்குள், சத்தமில்லாமல். வெளியே தெருவில் ஹாரன். விடாமல் ஹாரன். எவனோ வண்டி எடுக்கச் சொல்லி அடிக்கிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் என் கார்தான். உள்ளே யாரும் இல்லை. லைட்டெல்லாம் மின்னி மின்னி அணைகிறது. வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து வந்து சுற்றி நிற்கிறார்கள்.

“ஏலே, உள்ள எவன்டா இருக்கான்?”

“யாருமில்ல மாமா. கண்ணாடியில பாத்துட்டேன்.”

“பேயி கீயி ஏறிருச்சா?”

போனை எடுத்துப் பார்த்தால் செந்தில், ஏழு தடவை. ஆப்பில் ஒரு பொத்தானாம். கார் நிறுத்தத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தேடுவதற்காம். நான் போன் எடுக்கவில்லை என்றதும் அதை அமுக்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் சவூதியிலிருந்து அடிக்கிறார் என்று தெருவில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒருத்தரும் நம்பவில்லை. அப்புறம் நம்பிவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

கேட்டால் சொல்கிறார்: “ஒரே எடத்துல அம்பது நிமிசமா வண்டி நிக்கிது. என்னன்னு நினைக்கிறது?”

ஐம்பது நிமிஷம்தான் ஒரு ஆளுக்கு எக்சர்சைஸ். பதினோரு வருஷமாக நான் பார்க்கிற வேலை அது.


ஜூன் 12, வியாழன்

வாரத்தில் ஒரு நாள் தனுஷ்கோடிப் பக்கம். குடிசையில் ஒருத்தர், படகு இழுக்கும்போது முழங்கால் விலகியது. காற்று மண்ணை வாரி ரோட்டில் கொட்டியிருந்தது. பாதி ரோடு தார், பாதி ரோடு மணல். வெள்ளைக் கோடு மணலுக்கு அடியில். கார் மணலின் ஓரத்தைக் கோடு என்று நினைத்துக்கொண்டு என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். மூன்று கிலோமீட்டர் இதே மல்லுக்கட்டு. தோள் வலிக்கிறது. வைத்தியம் பார்க்கப் போனவளுக்கு வைத்தியம் தேவை.

இது முன்கதை. முழங்கால்காரருக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம். பாண்டி. செந்திலின் தம்பி. உச்சிப்புளியில் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு, தலையெல்லாம் மணலோடு, மூச்சிரைக்க நிற்கிறான்.

“மதினி, நல்லாத்தான இருக்கீங்க? அண்ணன் சொல்லுது, நீங்க கடலுக்குள்ள நிக்கிறீங்களாம்.”

அங்கே போனால் இலங்கை டவர்தான் கிடைக்கும். நமக்கெல்லாம் தெரியும். இலங்கைக்கு நல்வரவு என்று மெசேஜ் வரும், அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். காருக்கு அது தெரியவில்லை. சிக்னல் போனதும் கடைசியாக எங்கேயோ தண்ணீருக்குள் ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அதைப் பார்த்து இவர் பாண்டியை விரட்டியிருக்கிறார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆள். தனுஷ்கோடியில் டவர் எப்படி என்று அவருக்குத் தெரியாதா?

திரும்பி பாம்பன் வந்து சிக்னல் கிடைத்ததும் பேசினேன். பயந்து போயிருக்கிறார். பயம் போனதும் கோபம்.

“இந்தா பாரு சுமதி. உனக்கு இது சரிப்படல. இந்த மாசத்தோட சாவிய பாண்டிகிட்ட குடுத்துரு. அவன் கூட்டிட்டுப் போயிட்டுக் கூட்டிட்டு வருவான்.”

பாண்டி கடையை யார் பார்ப்பது? அவனுக்கு நேரம் இருந்தால் நான் வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இல்லை. அப்புறம் எத்தனை வீடு மிஞ்சும்? பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சாவியைக் கொடுக்க மாட்டேன். கொடுக்கவே மாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.


ஜூன் 16, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. மண்டபத்தில் ஐஸ் லாரி, டீசல், வலை ஏற்றிய குட்டி யானை வண்டி, கால் வைக்க இடமில்லை. பாம்பன் பாலத்துக்கு வரவே அரை மணி நேரம்.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பாலத்தில் வழக்கம்போலக் கூட்டம். பக்கத்துப் பாலத்தில் ரயில் வருகிறது. பைக்கை நிறுத்தி இறங்கி வேடிக்கை. நான் நாற்பதுக்கும் கீழேதான். அப்போது செந்தில் போன். போன் வந்தால் திரை முழுக்க அவர் போட்டோ. மேப் போய்விடும், எல்லாம் போய்விடும். கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அதைக் கட் பண்ணச் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். பாலத்தில் வண்டி குலுங்குகிறது, விரல் வட்டத்தில் படவில்லை. இரண்டு தடவை குத்தினேன். கண் அங்கே.

கார் கத்தியது. நான் நிமிர்வதற்குள் தானே பிரேக் போட்டு நின்றுவிட்டது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. முன்னால் ஒரு ஆள். பெண்டாட்டி பிள்ளையை ரயிலோடு சேர்த்துப் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து ரோட்டுக்குள் வந்திருக்கிறார். பம்பருக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழம். திரும்பிப் பார்த்து என்னைக் கும்பிட்டார். நான்தான் அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும்.

மரியதங்கம் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல், போன் போட்டேன். எடுத்தார். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உங்களால் இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும் என்றேன். நீங்கள் காரா வாங்கிக் கொடுத்தீர்கள், என் கழுத்தில் மணியைக் கட்டி விட்டிருக்கிறீர்கள் என்றேன். அவருக்குப் பின்னால் மட்டும் ஒரு பீப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பீப். என் கார்தான் அடிக்கிறது என்று நினைத்து அதையும் திட்டினேன். என் கார் அணைந்து கிடந்தது.

அப்புறம் திடீரென்று ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். “ஏய்” என்றார். லைன் போய்விட்டது.

அவரும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினாறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன்.

“டாக்டரம்மா, போன கீழ வைங்க. ஓட்டுற ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் போனு? எங்க வீட்டு ஆம்பள கடலுக்குப் போனா நான் என்னத்த அடிக்க? வந்தாத்தான் வந்தாரு.”

அக்காவின் வீட்டுக்காரர் வராமல் போய் எட்டு வருஷம். ஆறு வாரமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், சுவரில் மாலை போட்ட போட்டோவுக்குக் கீழேதான் எக்சர்சைஸ். போனைக் கீழே வைத்தேன்.


அதே நாள், மாலை

நாலரைக்குக் கூப்பிட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்கும் இல்லை. ரோட்டை விட்டு ஜல்லியில் இறங்கி நின்றிருக்கிறது. பின்னால் வந்தவன் ஒதுங்கிப் போய்விட்டான். நான் அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

அந்த பீப் என்ன என்று கேட்டேன்.

“கேபின்ல ஒரு கேமரா இருக்கு. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும். கண்ணு ரோட்ட விட்டு நகந்தா கத்தும். மூணு தடவ கத்துச்சுன்னா ஆபீஸ்லருந்து போன் வரும்.”

“அந்தப் போன ஓட்டிக்கிட்டேவா எடுக்கணும்?”

“எடுக்கலைன்னா அதுக்கு ஒரு ரிப்போர்ட்டு.”

“எத்தன வருசமா இருக்கு?”

“மூணு வருசமிருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“இதுல சொல்ல என்ன இருக்கு? பாதுகாப்புக்குத்தான்.”

எனக்குக் கார் ஆப்பைப் பற்றிச் சொன்னபோதும் இதே வார்த்தைதான், இதே குரல்தான். அப்படியானால் ஓட்டும்போது ஆப்பை எப்படிப் பார்த்தீர்கள் என்றேன். போனை மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாராம். அங்கே பார்த்தால் கண் ரோட்டில் இருக்கிற மாதிரியே கேமராவுக்குத் தெரியுமாம். இன்று நான் கத்தியபோதுதான் தலை குனிந்துவிட்டது, மாட்டிக்கொண்டார். நாலு நாள் வண்டி கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம்.

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? அவர்தான் சொன்னார்: “என்னையப் பாக்குறவன் யாருன்னே எனக்குத் தெரியாது. உன்னையப் பாக்குறது நான்தான. அது வேறன்னு நினைச்சேன்.”

வேறு இல்லைங்க என்றேன். சாவியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.


ஜூன் 18, புதன்

பாண்டி வந்தான், காரைச் சரி பண்ண. அரை மணி நேரத்தில் முடியும் என்றான். இரண்டரை மணி நேரம், மூன்று டீ.

இனி போன் வந்தால் காரில் பேசாது. திரையில் போட்டோ வராது. சீட்டுப் பை பீப், கம்மி. கோட்டு இழுப்பை அணைக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் அது தானாக வந்துவிடுமாம், திரும்ப அணைக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவனைத் தனுஷ்கோடி மணலில் ஒரு நாள் ஓட்ட விட வேண்டும்.

“பிரேக்கையும் அணைச்சிரவா மதினி?”

“அதுல கைய வச்ச, பாத்துக்க.”

அந்தப் பிரேக்கை நான் குறை சொல்ல முடியாது. ராத்திரி படுத்தால் அந்த ஆள் கும்பிடுகிறார். அதே திரைதான் என் கண்ணை இழுத்தது, அதே கார்தான் அவர் காலைக் காப்பாற்றியது. இதில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றி எறிவது? பாண்டிக்கும் தெரியவில்லை. ஆப்பையும் எடுத்துவிடலாமா என்று கேட்டான். அண்ணன் பாவம் என்றும் அவனே சொன்னான். ஹாரன் பொத்தானை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். எடுக்க முடியாதாம்.

செந்திலிடம் பேசி முடிவானது: ஓடும்போது பேச்சு கிடையாது, இரண்டு பேருக்கும். நான் அவரை அழைக்கக் கூடாது, எப்போது ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதே. வண்டியை நிறுத்தியதும் அவரே அழைப்பார். சாவி என்னிடமே. அதை நானாகக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். குரல் இறங்கித்தான் இருந்தது.

சிலிண்டர் வந்துவிட்டது.


ஜூன் 21, சனி

காற்று இன்னும் அடங்கவில்லை. அவருக்கு வண்டி கிடைத்து இன்று முதல் நாள். விடியற்காலையிலேயே கிளம்பியிருப்பார்.

மண்டபம், பாம்பன், திரும்ப உச்சிப்புளி. போகும்போதும் வரும்போதும் ஒரு போன் இல்லை. ஒரு மாதமாக இதைத்தானே கேட்டேன். கிடைத்ததும் அதுவும் எரிச்சலாக இருக்கிறது. பாலத்தில் எல்லாரையும் பார்த்துப் பார்த்து முப்பதில் போனேன், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான். மரியதங்கம் அக்கா வாக்கரோடு தெரு முனை வரைக்கும் நடந்தார். பார்த்துச் சிரித்தேன், மனசு அங்கே இல்லை. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சாம்பார் வைத்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

ஒன்றே முக்காலுக்கு அழைத்தார். பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை. யாரோ தட்டு கழுவுகிறார்கள்.

“சாப்பிட நிறுத்திருக்கேன். வண்டி வீட்டு வாசல்ல நிக்கிதான்னு ஆப்புல பாத்துட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன்.”

பெருமையாகச் சொன்னார். நல்ல பிள்ளை மாதிரி. திட்டத்தான் நினைத்தேன், கேட்டது வேறு.

“எல்லாஞ் சரிங்க. நீங்க நிக்கிறீங்களா, ஓடிக்கிட்டு இருக்கீங்களான்னு நான் எதுலங்க பாக்குறது?”