பால் கட்டு என்று எழுதினேன்

மே 9, திங்கள். லாங் ஐலண்ட் டிஸ்பென்சரி

காலையிலிருந்தே புழுக்கம். தெற்கே கறுத்துக் கிடக்கிறது, மழை இல்லை. வியாழன் தீவுக்கு டாக்டர் படகு வரும். கேட்க வேண்டியவை: டிங்க்சர், பஞ்சு, ஸ்டவ் பின்.

பிலோமினா வந்தாள். மீன்கார அந்தோணியின் மனைவி, தூத்துக்குடிப் பக்கம். ஜனவரியில் கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தபோது ஒருமுறை வந்தவள்.

"அந்தக் கட்டி இன்னும் கரையல, சிஸ்டர்."

எந்தக் கட்டி என்று கேட்டேன். ரிஜிஸ்தரைப் புரட்டினால் என் கையெழுத்து: பால் கட்டு, ஒத்தடம். அன்று நல்ல கூட்டம். அவளுக்குக் கூச்சம், எனக்கு அவசரம். உட்கார வைத்து ரவிக்கைக்கு மேலேயே தடவிப் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

இன்று படுக்க வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, பயிற்சியில் படித்தபடி பார்த்தேன். இடது மார்பு, மேலே, அக்குள் பக்கம். எலுமிச்சம்பழ அளவு. கெட்டி. அசையவில்லை. கையைத் தூக்கினால் தோல் குழிகிறது. அக்குளில் இன்னொன்று, சிறியது.

"வலியே இல்ல சிஸ்டர். அப்ப பயமில்லல்லா?"

டாக்டர் பார்க்கட்டும் என்றேன். வலி இல்லாததுதான் என் பயம்.

மே 10, செவ்வாய்

ரிஜிஸ்தரில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்தால் யாருக்குத் தெரியும்? இப்படி யோசித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். மடியில் கனம், வேறென்ன.

சாயங்காலம் பி. வீட்டுக்குப் போனேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஜனவரியிலேயே சரியாகப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு, மெட்ராஸ் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அழுதுவிட்டேன், வெட்கக்கேடு. அவள் அழவில்லை. கையிலிருந்த செதிலைத் துடைத்தாள்.

"ஒங்க வேலைக்கு ஏதும் வந்திருமா, சிஸ்டர்?"

வரலாம் என்றேன். ஏன் சொன்னேனோ.

மே 12, வியாழன்

படகு தாமதம், அலை. டாக்டருக்கு அவசரம், இருட்டும் முன் கிளம்ப வேண்டுமாம்.

பெண்கள் என்றால் இங்கே எப்போதும் போல: நடுவில் போர்வை. அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் பி.யும் நானும். என் கைதான் அவர் கை. அவருடைய ஹிந்தியை நான் தமிழாக்க வேண்டும், இவள் தமிழை ஹிந்தியாக்க வேண்டும்.

கெட்டி, அசையவில்லை, அக்குளிலும் ஒன்று. எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன்.

"கித்னே தின் ஸே?"

எத்தனை நாளாக என்று பி.யைக் கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணையே பார்த்தாள்.

"போன வாரந்தான் கண்டேன்னு சொல்லுங்க."

நாலு மாதம். வாய் வரை வந்துவிட்டது. படகில் சங்கு ஊதினார்கள்.

"ஏக் ஹஃப்தா, சாப்," என்றேன்.

ஒரு வாரமென்றால் சீழ்க்கட்டியாக இருக்கும் என்றார். பென்சிலின் ஊசி, பத்து நாள். அடுத்த ட்ரிப்பில் பார்ப்போம். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டார், பழைய பக்கங்களைப் புரட்டவில்லை. நாலரைக்குப் படகு போய்விட்டது. படகுத்துறையில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

மே 13, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. டிங்க்சர் கேட்க மறந்துவிட்டேன்.

முதல் ஊசி. பி. இரண்டு சூரை மீன் கொண்டுவந்தாள். சிரித்த முகம்.

"நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம்லா, சிஸ்டர்."

அவள் போனதும் குடையைக்கூட எடுக்காமல் போலீஸ் வயர்லெஸ்ஸுக்கு ஓடினேன். செய்தி: கட்டி நான்கு மாதமாக. ஒரு வாரம் என்று பொய் சொன்னது நான். புற்று என்று அஞ்சுகிறேன். படகு அனுப்பவும்.

ஆபரேட்டர் பென்சிலை நிறுத்திவிட்டு, "ஆப்கா நாம் பீ லிக்கூம்?" என்றார். என் பெயரையும் எழுதச் சொன்னேன்.

நாலு மணிக்குப் பதில். புயல் எச்சரிக்கை. மறு உத்தரவு வரை படகு இல்லை.

மீன் அறுக்காமல் கிடக்கிறது. காலை எட்டு மணிக்கு இரண்டாவது ஊசிக்கு வருவாள்.