ஒத்திகை என்று நினைத்துவிட்டார்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அத்தையும் சுகமாக இருக்கிறார்கள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து கொண்டிருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வரி வர வேண்டும், அதைக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன், பொறு. உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டு அனுப்பியதற்குப் பதில் போட இத்தனை தாமதம் ஆனதில் உனக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்றும் சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறார், அத்தை தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார், மெசேஜ் போடலாம் என்றால் தன் போனில் சார்ஜ் இல்லை என்று அப்பா எடுப்பது என் போனைத்தான். ஆகவே ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பிரிண்டர் வைத்திருக்கும் மேஜையில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு பிரிண்டர்தான் காரணம், அது ஓடும்போதெல்லாம் மேஜையும் கூடவே ஆடுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு வேலை அதிகம், இந்த மழையில் ஊரில் பாதி லிஃப்ட் படுத்துவிட்டது. போன வாரம் ஒரு துணிக்கடை லிஃப்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்பா போய்ச் சேரும் வரை போனிலேயே, "பதறாதீங்க, மேல ஃபேன் ஓடுது, காத்து வரும், கதவ மட்டும் நோண்டாதீங்க" என்று பேசிக்கொண்டே போயிருக்கிறார். வெளியே வந்த அந்த அம்மா அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, "லிஃப்ட் நின்னதுகூடப் பெருசில்லண்ணே, நான்தான் பட்டன தப்பா அமுக்கிட்டேன்னு இந்த மனுஷன் உள்ள இருந்த நேரம் பூரா திட்டிக்கிட்டே இருந்தாரு, இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நீங்க ஒருத்தரத்தான் வெளிய எடுத்திருப்பீங்க" என்றாளாம். அப்பா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அத்தைக்குப் புதிதாக ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை தைக்கும் வேலை வந்திருக்கிறது. கூடமெல்லாம் நீலத்துணி, நடக்க இடமில்லை.

இனி என் விஷயம். என் வேலையைப் பற்றி உனக்கு மேலோட்டமாகத்தான் சொல்லியிருக்கிறேன், வெளியே பேசக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். கருக்கலைப்புக்காக வரும் பெண்களைக் கிளினிக்குகள் எப்படி நடத்துகின்றன, சரியான விவரம் சொல்கிறார்களா, சட்டத்தில் இல்லாததைக் கேட்டு அலைய விடுகிறார்களா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் எல்லோரும் தேன் ஒழுகப் பேசுவார்கள். அதனால் நானும் இன்னொருத்தியும் நோயாளி மாதிரியே போக வேண்டும். பெயர் பொய், கதை பொய், கண்ணீர்கூட சமயத்தில் பொய். உள்ளே நடப்பதை மனதில் வாங்கிக்கொண்டு, தெரு திருப்பத்தில் நிற்கும் வேனுக்கு வந்து ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். அந்தக் கதைகளையெல்லாம் நான் வீட்டில்தான் பழகுவேன். காய் நறுக்கிக்கொண்டே, "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு, எனக்கு இது வேண்டாம்" என்று ஆரம்பிப்பேன், அப்பா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு டாக்டர் ஆகிவிடுவார், "உக்காரும்மா, வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பார். அத்தை உள்ளேயிருந்து, "நல்ல நாளும் பொழுதுமா இது என்ன பேச்சு" என்று ஒரு சத்தம் போடுவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

சில இடங்களில் சிறுநீர் பரிசோதனை செய்யாமல் வாயே திறக்க மாட்டார்கள். அதற்கும் எங்களிடம் ஒரு வழி உண்டு. எங்கள் கூட வேலை செய்கிற கண்ணாடிக்காரி இப்போது வயிறும் பிள்ளையுமாக இருக்கிறாள், அவள் தினமும் காலையில் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பாள், நான் கைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கம்ப்யூட்டரும் என்று நினைத்திருப்பாய், இதுதான் லட்சணம். அன்றைக்கு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கிளினிக். நர்ஸ் என் கையில் கப்பைக் கொடுத்துவிட்டார். தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமில் ஒரு காலால் கதவை முட்டுக் கொடுத்தபடி பையைத் திறந்தால் பாட்டிலைக் காணோம், வேனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கப்பைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கவா முடியும். என்னுடையதையே கொடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்தால், நல்ல வேளை சிஸ்டர் என்று சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்தேன். நர்ஸ் திரும்பி வந்து, "ரெண்டு கோடும் பளிச்சுனு இருக்கும்மா, சந்தேகமே வேண்டாம்" என்றார்.

வாலு, இதைப் படித்ததும் நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். அம்மாவுக்கும் அன்று உட்கார நாற்காலி தேவைப்பட்டது. இரண்டு வாரமாக உடம்பு ஒரு மாதிரி இருந்ததை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை, ஆனால் வாய் பழக்கத்தில் தானாகவே பேசியது. எனக்கு இது வேண்டாம் சிஸ்டர் என்றேன். "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம டாக்டர் பாக்க மாட்டாரும்மா" என்றார். சட்டத்தில் அப்படி இல்லையே, என் சம்மதம் போதுமே என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து இந்த மேஜையத் தட்டினா சட்டமா வந்து பதில் சொல்லும், நான்ல சொல்லணும்" என்றார். வேனுக்கு வந்து என் இடத்தில் உட்கார்ந்தால் பாட்டிலின் மேலேயே உட்கார்ந்தேன். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், பாசிட்டிவ் என்றேன். கண்ணாடிக்காரி, "பின்ன, என் சரக்குன்னா சும்மாவா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். வண்டி முழுக்க ஒரே சிரிப்பு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் மிக்சியைப் பிரித்துப் போட்டுத் திருகாணி தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குங்க, எனக்கு இது வேண்டாம், என்னால முடியாதுங்க என்றேன். உன் அப்பா தலையைத் தூக்கினார், கண்ணாடியைக் கீழே இறக்கினார். "உக்காரும்மா, வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்றார். பதிலுக்குக்கூடக் காத்திராமல், "இன்னைக்கு ரொம்ப நல்லா வருது. கடைசில குரல் உடையுது பாரு, அத மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ, டாக்டருக்குச் சந்தேகம் வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் தேடப் போய்விட்டார். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை, அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க வழியும் தெரியவில்லை.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தபோது அத்தை முந்திக்கொண்டார். எனக்கு ஒரு சட்டை தைக்க அளவெடுத்தவர், மார்பில் டேப் பட்டதும் வலியில் நான் முகம் சுளித்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஏம்மா, எத்தன மாசம்?" என்று ஒரே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டாகிவிட்டது. உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி தையல் மெஷினைச் சுற்றி வந்தார். "வாலு போனதுலேர்ந்து வீடு வெறிச்சோடிக் கிடந்துச்சு, பாத்தியா" என்றார். மறுநாளே உன் அறையை ஒழித்து, உன் மேஜையைக் கூடத்துக்குத் தள்ளி, புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றார், நீ கேட்காமலே நான் சொல்லிவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கத்துகிறவராக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். உனக்குப் பிறகு உண்டானது ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிக் கலைந்துபோய், நானும் கூடவே போகப் பார்த்தேனே, அதை நினைவுபடுத்தினேன். "அப்ப இருந்த வைத்தியம் வேற, இப்ப எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு" என்று தலையைத் தடவினார். அன்னைக்கே எனக்கு வேண்டாம்னு சொன்னேனேங்க என்றேன். "அது வேலைக்காகச் சொன்னதுதானே?" என்றார், நிஜமாகவே புரியாமல். வேண்டாம் என்பதற்கு என்னிடம் இருந்த எல்லா வார்த்தையையும் நான் அவர் எதிரிலேயே பழகித் தீர்த்துவிட்டேன், இனி எதைச் சொன்னாலும் எங்கேயோ கேட்ட மாதிரிதான் அவருக்கு இருக்கும். அத்தையோ நான் குடத்தைத் தொட்டால் பிடுங்குகிறார், மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வருகிறார், இரவு பாலை நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் நிற்கிறார். எல்லாம் பிரியம்தான். மூச்சுத்தான் விட முடியவில்லை.

இந்த ஊரில் எங்கே போவது சொல். ஒவ்வொரு கிளினிக்கிலும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒன்றில் நான் புருஷனைப் பறிகொடுத்தவள், ஒன்றில் மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாய், மருந்துக்கடை மாடியில் யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான் நானாகப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அங்கே லிஃப்ட் பார்ப்பது உன் அப்பா, வாட்ச்மேனிலிருந்து எல்லோரும், "என்னக்கா இந்தப் பக்கம்" என்பார்கள். கடைசியில் எங்கள் மேடத்திடம் சொன்னேன். நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கினார். அப்புறம், "இன்னும் ரெண்டு கிளினிக் பாக்கி இருக்கும்மா, நீ யாருன்னு தெரிஞ்சுட்டா மொத்த ஆராய்ச்சியும் போயிடும், வெளியூர்ல பாத்துக்க முடியுமா?" என்றார். நான் எழுந்து கதவு வரை வந்த பிறகு தயங்கித் தயங்கி, "உனக்கு ஆட்சேபம் இல்லன்னா, அந்தக் கிளினிக்ல நடந்ததை நாம சேத்துக்கலாமா? அது ஒண்ணுதானே நிஜமான கேஸு" என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். யாருக்காவது உபயோகப்பட்டால் சரி.

வெளியூர் என்றதும் உன் ஊர்தான் நினைவுக்கு வந்தது. வாலுவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னேன். அப்பா அன்று மாலையே இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார். "இந்த ஒடம்போட உன்னத் தனியா விடுவேனா? புள்ளைக்கு நேர்லயே நல்ல சேதி சொல்லலாம்" என்றார். வருகிற சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வருகிறோம். நேரில் சொல்லும் வரை உனக்கு எதுவும் தெரியக் கூடாது என்று போனில் உன்னிடம் நான் ஒன்றும் சொல்லக் கூடாதாம். இன்னும் சில வாரம் போனால் மாத்திரையோடு முடிகிற காரியமும் இல்லை, எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், பிறருக்காகப் படித்தது.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். ரத்த அழுத்தம் ஒரு காரணம், அதை யாரிடமும் சொல்லலாம். அது இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டாம் என்பது இன்னொன்று, அதை உன்னிடம்தான் சொல்கிறேன். உன்னைச் சுமந்தபோது எனக்கு உன் வயசுதான், காலேஜ் இரண்டாம் வருஷம். அன்றைக்கும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினேன், பெஞ்சுக்கும் எனக்கும் நடுவில் நீ உதைத்தாய், சந்தோஷமாக இருந்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு உன்னைப் பற்றித் தப்பாக எதையும் கோர்த்துக்கொள்ளாதே. அது வேறு, இது வேறு.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எனக்காக வாதாடாதே, அப்பாவோடு சண்டைக்குப் போகாதே, அவர் சொல்லும்போது சந்தோஷப்பட்ட மாதிரி நடிக்கவும் வேண்டாம், வீட்டில் நடிப்பதற்கு ஒருத்தி போதும். அவர் சொல்லி முடித்ததும், அவர் எதிரிலேயே என் பக்கம் திரும்பி, உனக்கு இது வேணுமாம்மா என்று கேள். கிளினிக்குகளில் என்னிடம் தேதி கேட்டார்கள், கையெழுத்து கேட்டார்கள், எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. நீ கேட்டுவிட்டுச் சும்மா இரு, நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் குறுக்கே பேசாதே. பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அவரும் கூட வருவாரோ, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாரோ, எனக்குத் தெரியாது. திங்கட்கிழமைக்கு எனக்கு மட்டும் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கி வை, என் சொந்தப் பெயரில்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த படிப்பை முடிக்க வேண்டும், உன் வாயில் வருகிற எந்தச் சொல்லையும் யாரும் விளையாட்டு என்று எண்ணாதபடி வாழ வேண்டும். ராத்திரியில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இந்தக் கடிதத்தை மேஜை மேல் போட்டு வைக்காதே, அப்பா வந்ததும் உன் மேஜையைத்தான் ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
பதிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வரும்
உன் அம்மா