மூடிய கதவுக் காட்சி

என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நலம். புதிய பல்செட் இன்னும் பொருந்தவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்கிறார் பல் டாக்டர். அவர் ஒரு நாள் தம் வாயில் மாட்டிக்கொண்டு பிறகு சொல்லட்டும். சமையலறைக் குழாயை மாப்பிள்ளை வந்து சரிசெய்தார். இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. மாப்பிள்ளையாயிற்றே, நன்றி சொல்லி அனுப்பினேன்.

உன் படத்தைப் பார்த்தேன். உன் தங்கைதான் அழைத்துப் போனாள். தொலைபேசியில் நீ கேட்டபோது, "நன்றாக எடுத்திருக்கிறாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருமகளிடம் கொடுக்கச் சொன்னேன். நான் முழுதும் சொல்லவில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். எழுதினால்தான் எனக்கு யோசனை வரிசையாக வரும். கான்வென்ட்டில் அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

சின்னக் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்டனின் மனைவியாக வருகிற பெண்ணுக்கு நேராக உட்காரத் தெரியவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பார்க்கிறாள். கணவன் எதிரியிடம் கைதியாக இருக்கும்போது ஜன்னலில் நிற்க யாருக்கு நேரம் இருந்தது? அப்பா கைதியாக இருந்தபோது நீ கைக்குழந்தை. நான் காலையில் பள்ளியில் பாடம் நடத்தினேன், மாலையில் டியூஷன் எடுத்தேன்.

அந்தக் கேப்டன் அப்பா இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாய். சரி. ஆனால் அப்பாவைப் போலவே அவனும் ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவன். முகாமில் கத்திக்கு அனுமதி இல்லாததால் ரொட்டியை நூலால் அறுத்துப் பங்கு போடுகிறான். அறுக்கிறவன் கடைசித் துண்டைத்தான் எடுக்க வேண்டும் என்பது கைதிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். நம் வீட்டு மேசையில் அப்பா கடைசிவரை அப்படித்தானே செய்தார்? உன் பிறந்தநாள் கேக்கைக்கூட நூலால்தான் அறுத்தார். எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சியதைத்தான் எடுத்துக்கொள்வார். இதுதான் நல்ல வளர்ப்பு, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்கள் இருவரிடமும் எத்தனை முறை சொல்லியிருப்பேன். உன் படத்தில் அந்தக் கேப்டனும் வீடு திரும்பிய பிறகு கடைசித் துண்டைத்தான் எடுக்கிறான். ஆனால் அங்கே அது வளர்ப்பு இல்லை. தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை.

இனி அந்தக் காட்சி. முகாம் அதிகாரியின் ரேடியோவைச் சரிசெய்யக் கேப்டனை அழைக்கிறார்கள். அதற்கு முன் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் நண்பனிடம் அவன் சொல்கிறான்: "வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காடா. நான் போயே ஆகணும்." உள்ளே போகிறான், கதவு மூடுகிறது. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் நோயாளிகளோடு சேர்த்து, திடகாத்திரமான அவனையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். அதற்கடுத்த காட்சியில், தப்பிக்கத் திட்டமிட்டிருந்த அந்த நண்பனும் இன்னும் இருவரும் கம்பிவேலி ஓரத்தில் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை ரசிகர்களின் முடிவுக்கே விட்டுவிட்டேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாய். என்னோடு உட்கார்ந்திருந்த ரசிகர்கள் முடிவு செய்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவன், "காட்டிக் குடுத்துட்டான் பாரு" என்றான். உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவும் நோயாளிக் கைதிகளை அனுப்பிய ரயிலில்தான் வந்தார். வரும்போது அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறவரை ஏன் விட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் விடியலில் தேவாலயத்தில் முழந்தாளிட்டேன். கேட்டேன், கிடைத்தது என்று இருந்தேன். மற்றவர்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன், பெருமையாக.

படைவீரர் சங்கத்தின் கூடத்தில் அப்பாவின் உருவப்படத்தைத் திறந்துவைப்பதாக இருந்தார்கள் அல்லவா? செயலாளர் வந்தார். பூங்கொத்தோடு வந்தபோதே சந்தேகப்பட்டேன். கூடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அந்தக் கூடத்துக்கு இப்போதுதான் வெள்ளையடித்தார்கள். பூங்கொத்தை வாங்கித் தண்ணீரில் வைத்தேன்.

கேட்க ஒரே ஒருவர்தான் மிச்சம். அப்பாவோடு முகாமில் இருந்த சார்ஜன்ட். உங்களுக்கு மரக்குதிரை செய்து கொடுத்த மாமா. அவருக்கு இப்போது காது மந்தம், கண்ணும் மங்கல். ஆனாலும் உன் படத்தைப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். நெடுநேரம் தம் கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணி, அவரு கையால ரொட்டி வாங்கித் தின்னு உயிரோட வந்தவன் நான். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் கேக்காதீங்க." இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதை அவர் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீதான் அவரோடு இருந்தாய். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்கம்மா என்று என்னை அனுப்பிவைப்பாய். ஒரு மாலை நான் சொல்லாமல் வந்து நின்றபோது இருவரும் பேச்சை நிறுத்தினீர்கள். என்ன என்று கேட்டேன். மழையைப் பற்றி என்றாய். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி என்றுதான் நினைத்தேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீயே கற்பனை செய்ததாக இருந்தால், ஒரு நல்ல மனிதரின் ரொட்டியையும் நூலையும் எடுத்துப் போய் வேறொருவன் கையில் கொடுத்துவிட்டாய். அதை என்னால் மன்னிக்க முடியும். அவரே சொன்னதாக இருந்தால், அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்பதும் புரிகிறது. காத்திருந்த ஒருத்தி நான்தானே. எனக்காகத்தான் செய்தேன் என்று என்னிடமே எப்படிச் சொல்வார்? ஆனால் அந்த மூன்று பேருடைய வீட்டிலும் யாராவது காத்திருந்திருப்பார்கள். அவர்களும் முழந்தாளிட்டிருப்பார்கள். இதை யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். சங்கத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு கடிதம் எழுது. படத்தில் வருவதெல்லாம் உன் கற்பனை, அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுது. டைப் அடிக்காதே, கையால் எழுது. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கற்பனைதான் என்றால் அப்படியே எழுது. இல்லையென்றாலும் அப்படியே எழுது.

மருமகளையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன்னைக் காக்கட்டும். அவரையும் காக்கட்டும்.

உன் அம்மா