ஏழாம் தொட்டி

மார்ச் 9, 2008
மலைச்சரிவில் கவாத்து பாதிகூட முடியவில்லை, எலாடியோ வந்துவிட்டான். என் வீட்டுக்காரரின் தம்பி. ஊர்க் கூட்டுறவு ஒயின் சங்கத்துக்குத் தலைவன். எண்பது வயதுக் கர்னாச்சா திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, அதிகம் காய்க்கும் புது ரகம் வைக்க வேண்டுமாம்.

"கொடிக்கு ஒரு கிலோகூடக் காய்க்கல அண்ணி. கட்டைங்களக் கட்டிக்கிட்டு அழுவுற."

"உன் மண்டையிலயும்தான் விளைச்சல் கம்மி. பிடுங்கிடலாமா?"

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

மார்ச் 27
இந்த அறுவடையோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிடுவதாகச் சங்கத்தில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை.

ஆகஸ்ட் 30
சங்கத்தில் ஒயின் தயாரிக்கும் ஒரோசியா தோட்டத்துக்கு வந்தாள். பழத்தை மென்று கொட்டையைத் துப்பினாள். இன்னொன்றைப் பறித்து வாயில் போட்டாள்.

"பெனிக்னா அக்கா, இதையா எல்லாத்தோடயும் கலந்து மொத்தமா வித்துட்டிருக்கோம்? ஏழாம் தொட்டி சும்மாதான் கிடக்கு. தனியாப் புளிக்கப் போட்டுப் பார்க்கலாம்."

எலாடியோவிடம் கேட்டோம். "சங்கம்னா எல்லார் பழமும் ஒண்ணு. உனக்கு மட்டும் தனிப் பந்தியா?"

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல். ஆனால் சமம் என்றால் எல்லாமே சப்பென்று இருக்க வேண்டுமா?

அக்டோபர் 6
செய்துவிட்டேன்.

சங்கத்தில் பழம் கொட்டும் குழிக்கு முன்னால் டிராக்டரை நிறுத்திச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பின்னால் பத்து வண்டிகளின் ஹாரன்.

"கொட்டு அண்ணி! ஊரே நிக்குது!"

"ஏழாம் தொட்டியத் திற. கொட்டுறேன்."

வெயில் ஏறியது. பழத்தின்மேல் குளவிகள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் கெடப்போவது என் பழம்தான் — ஏன் இப்படிக் கிறுக்குத்தனம் பண்றேன்? கொட்டிட்டுப் போயிடலாமா?

அப்போது அடுத்த வண்டியில் இருந்த மக்காரியோ இன்ஜினை அணைத்தார். மார்ச்சில் முதல் கையெழுத்துப் போட்ட மனிதர்!

"என் கிழட்டுக் கொடிப் பழமும் அவளோடதுகூடப் போகட்டும் எலாடியோ. பிடுங்குறதுக்கு முன்னாடி அது ருசி என்னன்னு ஒரு தடவயாவது தெரிஞ்சுக்கிறேன்."

எலாடியோ மண்ணைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதற்குள் ஒரோசியா தொட்டியைத் திறக்க ஓடிவிட்டாள்.

பிப்ரவரி 2, 2009
சங்கத்தில் ஏழாம் தொட்டி ஒயினை ருசி பார்த்தார்கள். மக்காரியோ கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்: "நாப்பது வருஷமா இதையா தண்ணி மாதிரி வித்தோம்?" எலாடியோ இரண்டாவது கிளாஸ் எடுத்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

பதினோரு பேர் ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள். குடித்துவிட்டு அவர்கள் தலை நிமிரவில்லை. சிரிக்க நினைத்தேன், முடியவில்லை.

அக்டோபர் 3
ஏழாம் தொட்டி காலையிலேயே நிறைந்துவிட்டது. மக்காரியோவுடைய பழம், இன்னும் ஆறு பேருடையது. என் வண்டிக்கு இடமில்லை. சண்டைக்குத் தயாராக உள்ளே போனேன்.

எட்டாம் தொட்டிக்குள் எலாடியோ, முழங்கால்வரை நனைந்து, தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தாத அண்ணி. வண்டிய நிழல்ல நிறுத்து. அஞ்சு நிமிஷம்."