பாப்பாவின் கீழ்ப்பல்

என்னங்க,

பல் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதியிருக்கிறேன். விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

தேர்வுக்குக் கிளம்பும்போது அத்தை போன் செய்தார்கள். "பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைச்சிடுச்சும்மா. உம் புருஷன்தான் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவியாம்."

"சரிங்கத்தை, நேரமாச்சு" என்று வைத்துவிட்டேன்.

குழந்தைக்கு எந்தப் பல் முதலில் முளைக்கும் என்று ஒரு கேள்வி வந்திருந்தது. தெரிந்த கேள்வி என்று துள்ளிக் குதிக்காத குறைதான். விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பாப்பாவின் நினைவே வரவில்லை. வெளியே வந்ததும் யாருடைய இடுப்பிலோ இருந்த குழந்தை பல் தெரியச் சிரித்தது. அப்போதுதான் நம் பாப்பாவின் ஞாபகம் வந்து, சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓடி வந்துவிடுவேன் என்று நம்பினீர்களே, அதுதான் உறுத்துகிறது.

உங்கள் மனைவி